கட்டுச்சோறு விருந்தில் நீ பேசிய பேச்சு

திருச்செங்கோடு

மகன் சந்தோஷ்குமாருக்கு,

இங்கே நான் நலம். ரிக் லாரியோடு ராய்ச்சூர்ப் பக்கம் போர்வெல் போடப் போயிருக்கும் உன் அப்பாவும் நலம். உன் நலத்தை நான் கேட்க வேண்டியதே இல்லை, எப்போது போன் எடுத்தாலும் அதைத்தான் சொல்கிறாய். நடுவில் ஒரு வார்த்தை பேச நீ விட்டால்தானே, அதனால்தான் மெல்போர்னுக்குக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறேன். இதையாவது குறுக்கே பேசாமல் படி.

போன வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி கிருத்திகாவுக்குக் கட்டுச்சோறு விருந்து. ஓமலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் போசிப் பாத்திரம் நிறையச் சோறு கட்டிக்கொண்டு, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்தார்கள். வீடியோவில் வந்த நீ, உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள், உன்னிடம் யாரும் பேசவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். வளையல் போடுகிற நேரத்தில் உனக்குப் பதவி உயர்ந்த கதை. அவள் தலைசுற்றி உட்கார்ந்தால், நான் பேசினால்தான் இவளுக்கு மயக்கம் வரும் என்று நக்கல். சபையில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கை எட்டாத தூரத்தில் இருந்ததால் தப்பித்தாய், இல்லாவிட்டால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். நிச்சயம் செய்த புதிதில் இவளைப் போல உண்டா என்று தலையில் தூக்கி வைத்து ஆடியவனும் நீதான். உனக்கு எதிராக ஒரு சொல் சொன்ன நாளிலிருந்து அவள் மக்கு, பட்டிக்காடு. கார் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்கத்தை, அவருக்குப் பொண்டாட்டி வேண்டாமுங்க, பார்த்துக் கைதட்ட ஒரு ஆளு வேணுமுங்க, நான் இனி அவருகிட்டப் போகமாட்டேனுங்க என்று அழுதாள். அனுசரித்துப் போ சாமி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பிறந்த ஐந்தாம் மாதம் தாய்வீட்டார் கொண்டுவந்து விடுவது நம் வழக்கம். எம்பையன் மனுசனாகிற வரைக்கும் கொண்டாந்து உடாதீங்க என்று சம்பந்தியிடம் நானே சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய், என் மானம் போச்சு என்று நேற்றுக் கத்தினாய். அப்போதும் உன் மானம்தான், அவள் அழுதாளா என்று கேட்கவில்லை.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். அவளுக்குப் போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேள். அது முடியாதென்றால் இந்த வீட்டுக்கு டிக்கெட் போடாதே. அவளும் வயிற்றுப் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உனக்கு ஆசீர்வாதம் எழுத மனசு வரவில்லை.

இப்படிக்கு,
கிருத்திகாவின் அத்தை
சாலம்மாள்