சோளக் கப்பலுக்கு எந்தக் கோர்ட் வசதி

மகள் குசினியில் உள்ளிப்பூண்டு நசுக்குகிறாள். அந்த வாடை வந்ததும் எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டேன், மச்சான்.

சோளக் கப்பலின் சரக்கறையைத் திறந்தபோது இதே வாடைதான் வந்தது என்று உங்களோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பூச்சிக்கு வைத்த மருந்தின் வாடை. எல்லாம் காற்றோடு போய்விட்டது, இறங்குங்கள் என்று கப்பல் அதிகாரி கை காட்டினாராம். "ஆரடா உள்ளுக்க ஆணம் காச்சிற? என்ட பொஞ்சாதிய விடக் கெட்டிக்காரனோ?" என்று கேட்டுக்கொண்டே ஏணியில் முதல் ஆளாக இறங்கினீர்களாம். பகிடி விடாமல் ஒரு வேலையும் செய்ய ஏலாது உங்களுக்கு. ஏறி வரவில்லை.

நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் வாசல் தாண்டாத அந்த நாட்களில் கப்பல் ஏஜென்ட் வந்து, வெளியே நின்று என் அண்ணன், காக்காவிடம் கதைத்தார்.

"ராத்தா இத்தாவில இருக்கிறா. இப்ப போய் கோர்ட், வழக்கு எண்டு கரைச்சல் குடுக்கக் கூடாது. முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

மரியாதை தெரிந்த மனிசன் என்று தேத்தண்ணி கொடுத்தோம். நான் வெளியே வந்தபோது துறைமுகத்தில் கப்பல் இல்லை. அது நின்றபோதே வழக்குப் போட்டிருந்தால் கோர்ட் அதை மறித்து வைத்திருக்குமாம். பிறகுதான் தெரிந்தது.

கப்பல் முதலாளியின் நாட்டுக் கோர்ட்டில்தான் வழக்குப் போட்டோம். தடுத்தும் கேளாமல் நீங்களாகவே இறங்கினீர்கள் என்று கப்பல்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பொய்யை ஒரு நீதிபதி விசாரிக்கவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

நேற்று லோயர் தம்பி போன் எடுத்தார். விசாரிக்காமலே தள்ளிவிட்டார்களாம். நீங்கள் மௌத்தானது இங்கே, சாட்சிகள் இங்கே, ஆகவே இலங்கைக் கோர்ட்தான் வசதி என்று தீர்ப்பாம்.

"ஆருக்கு வசதி, தம்பி?"

"உங்களுக்கும் எண்டுதான் சொல்லியிருக்கினம், அக்கா."

"கை காட்டின அந்த அதிகாரி இஞ்ச வருவானோ?"

"அவரைப் பிடிச்சுக் கொண்டுவர எங்கட கோர்ட்டால ஏலாது."

நல்ல வசதி. என் வீட்டு வாசலை மரியாதையாகப் பூட்டினார்கள்; அவர்களின் கோர்ட் வாசலையும் மரியாதையாகவே பூட்டிவிட்டார்கள்.

இங்கேயும் போடத்தான் போகிறேன். வழக்கு எடுக்கிற நாளில் கோர்ட் வாசலில் நின்று எதிராளியின் பெயரை உரக்கக் கூப்பிடுவார்களாம். ஒருவரும் வரப்போவதில்லை. அழுகை முடிந்துவிட்டது, மச்சான். இந்தக் கோபம் மட்டும்தான் என்னிடம் மிச்சம். அதோடு போய் அங்கே நிற்பேன். அவர்களின் பெயரை இந்த ஊர் ஒருதடவை காதால் கேட்கட்டும்.