பாலத்துக்கு எதிர் ஜன்னல்

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் சுகம். அங்கே நீயும் உன் பாலமும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்கிறாய், நானும் அதையே சொல்கிறேன். நடுவில் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். உன் பக்கம் கான்கிரீட் லாரி வந்துவிட்டது என்று யாராவது கூப்பிடுகிறார்கள். ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல இடமே கிடைப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். துணி துவைக்கும் மெஷின் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். கட்டடம் வரைகிறவன் வீட்டில் இப்படியா என்று அத்தை சிரித்தார்கள். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதால் ‘ச’ வரவில்லை. என் சமையலைத் ‘தமையல்’ என்கிறாள். உங்க அப்பா செய்வதற்கு அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று உன் அம்மா அவளுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவந்து நான் வரும்வரை பார்த்துக்கொள்வதும் அத்தைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

நம் ஆபீஸ் வழக்கம்போல. ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடங்களை இன்னொரு தடவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் எங்களுக்கு அவசரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் பேப்பரைக் கடித்துத் துப்புகிறது. ஆனால் நான் எழுத வந்தது நடைபாலத்தைப் பற்றி. பள்ளிக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் மேல் கிடக்கும் இரும்புக் குழாயில் பிள்ளைகள் சர்க்கஸ் மாதிரி நடந்து போவார்களே, அங்கே ஆபீஸ் செலவில் ஒரு நடைபாலம் கட்டிக்கொடுக்கலாம் என்று நம் சமூகப்பணிக் குழுவில் முடிவாகி, வேலை என் தலையில் விழுந்தது. மண் பரிசோதனைக்கு நம்ம மண்ணாங்கட்டி வந்தார். (அந்தப் பட்டப்பெயரை அவரே இப்போது ஏற்றுக்கொண்டு, போனை எடுத்தால் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்.) எங்கள் பாலத்தின் மொத்த நீளம் உன் பாலத்தின் ஒரு தூண் அகலம்கூட வராது. சிரிக்காதே, அதற்கும் கணக்கு கணக்குத்தான்.

தெருக்காரர்களைப் பள்ளி வகுப்பறையில் கூட்டி வரைபடத்தைக் காட்டினோம். பெரியவர்கள் எல்லாரும் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் சம்மதம். முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று இருந்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். கால்வாய்க்கரையை ஒட்டிய வீட்டுக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். “பாலம் தாராளமா கட்டுங்க. என் ஜன்னலுக்கு நேரா மட்டும் வேணாம்” என்றார். நம் மேனேஜர் காரணம் கேட்டார். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறாராம். கட்டில் அந்த ஜன்னல் ஓரம். “போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போக அவ என்ன பொருட்காட்சியா?” என்றார்.

பாலத்தை நகர்த்தவும் வழியில்லை. மேல் பக்கம் கரை இளகிக் கிடக்கிறது, மண்ணாங்கட்டி கையை விரித்துவிட்டார். கீழ்ப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். நான் யோசித்து, அந்த வீட்டுப் பக்கக் கைப்பிடி முழுக்க ஆள் உயரத்துக்குச் சாய்வாக, இடைவெளி விட்டுப் பலகை அடைப்பது போல வரைந்தேன். ஜன்னலுக்கு வெளிச்சம் வரும், பார்வை வராது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன்.

அதைக் காட்ட நானும் மண்ணாங்கட்டியும் அவர் வீட்டுக்குப் போனோம். ஒரே பெரிய அறை. ஒரு பக்கம் சாப்பாட்டு மேஜை, மறுபக்கம் கட்டில். ஜன்னலுக்குக் கனமான திரை. அந்த அம்மா அசையாமல் படுத்திருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்து, மேஜையில் வரைபடத்தை விரித்து மெதுவாக விளக்கினேன். டிரைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான் சார் வேணும்” என்றார். அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அந்த அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் எடுக்கிறது. கிட்டப் போய்க் கேட்டோம். “பலகை வேணாம். பிள்ளைங்க போறது தெரியணும்” என்றார்.

டிரைவர் பதறிப்போய், உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த நிலைமையில் நாலு பேர் பார்த்தால் உனக்குத்தானே கஷ்டம், அதற்காகத்தானே எல்லார் முன்னாலும் எழுந்து சண்டை போட்டேன் என்றார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு, “என்னை யாரு கேட்டா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

அந்த மனிதர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தினால் இங்கிருந்து பாலம் தெரியுமா சார் என்று கேட்டார். மண்ணாங்கட்டி உடனே தரையில் படுத்து டேப்பை நீட்டிவிட்டார். அடுத்த நாள் ஆபீஸில் கட்டட மாடல் செய்யும் பிரிவிலிருந்து மரக்கட்டைகளைக் கொண்டுபோய்க் கட்டில் காலுக்கு வைத்தோம். பலகையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

பாலம் இப்போது வந்துவிட்டது. பச்சைப் பெயின்ட். பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறார்கள், அந்த அம்மா நல்ல கையைத் தூக்குகிறார். மத்தியானம் ஒரு கண் அசர முடியவில்லை, இதற்காவது ஏதாவது வரைந்து கொடுங்கள் என்று டிரைவர் என்னிடம் புகார் செய்கிறார். முகத்தைப் பார்த்தால் புகார் மாதிரி இல்லை.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. முந்தாநாள் மேனேஜர் என்னைப் பிளாட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். உன் பாலத்தின் இரண்டாம் கட்ட வேலை நம் கம்பெனிக்கே வருகிறதாம். அதன் மொத்தப் பொறுப்புக்கு உன்னைத்தான் கேட்கிறார்களாம். இன்னும் இரண்டு வருஷம். “உங்ககிட்ட முதல்ல கேட்டுக்கறேன். நீங்க வேணாம்னா உங்க வீட்டுக்காரம்மா காதுக்கே கொண்டுபோகல” என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். என் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. “அவகிட்டயே கேளுங்க சார். நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த வாரம் உனக்கு எழுதுவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் வருவதற்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும்.

முடிவெடுக்க உனக்கு விவரம் வேண்டும். குட்டி நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். தூங்கும்போது மட்டும் உன் தலையணையை விடுவதில்லை. உறையைத் துவைக்கப் போட்டால் அழுகிறாள், அதனால் அந்த ஒன்றை மட்டும் துவைப்பதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு, சமாளிக்கிறார்கள். இந்த வேலை எவ்வளவு பெரியது, இதற்காக நீ எத்தனை காலம் காத்திருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். பாரத்தைக் கணக்குப் போடுகிறவளிடம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எதையும் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன்.

வெயிலில் தொப்பியைக் கழற்றாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எதை முடிவு செய்தாலும் அது உனக்கு நல்லதாகவே அமையட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதிலை மேனேஜருக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு. ஆபீஸில் அத்தனை பேர் நடுவே வேறு யாரோ சொல்லி அதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்து கோடு போட என்னால் முடியாது.

என்றும் உன்
வீட்டுக்காரன்