நடுக்கடலில் ஒரு வேண்டுதல்

திருத்தணி,
2.6.2024

அன்புள்ள பாவாவுக்கு,

சுஜாதா எழுதுவது. நானும் மாமாவும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம். நீங்களும் கடிதமே போடுங்கள்.

ஆறு மாதத்தில் வருகிறேன் என்று ஸ்பெயினுக்குப் படகு வேலைக்குப் போனவர். ஒன்றரை வருஷமாகிவிட்டது. பெற்ற பிள்ளை நீங்கள் இருந்தும் வேர்க்கடலைக்கு மாமா தனியாளாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார். நீங்கள் அனுப்பிய வீடியோ பார்த்தேன். படகோடு டால்பின்கள் ஓடி வருகின்றன, நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரி கத்திச் சிரிக்கிறீர்கள். நம் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்காவது வருவீர்களா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

உங்கள்
சுஜாதா

காடிஸ் துறைமுகம், ஸ்பெயின்,
19.6.2024

அன்புள்ள சுஜாதா,

அந்த இரண்டில் ஒன்றை எழுதத் தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் முதலாளியின் பாய்மரப் படகை இங்கே கொண்டுவந்தோம். வழியெல்லாம் டால்பின்கள் கூடவே குதித்து வந்தன. திடீரென்று ஒன்றையும் காணோம். பிறகு கறுப்பும் வெள்ளையுமாக மூன்று ஓர்காக்கள், கொலைத் திமிங்கிலம் என்பார்களே அவை, ஒவ்வொன்றும் நம் டிராக்டரைவிடப் பெரிசு. சத்தமில்லாமல் படகுக்கு அடியில் போய், படகைத் திருப்பும் சுக்கானை முட்டின. என் கையிலிருந்த சக்கரம் தானாகச் சுழன்றது. "முருகா, இதுங்க போயிட்டா இனிமே படகுல காலே வைக்க மாட்டேன், ஊருக்கே வந்துடறேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

சுக்கான் உடைந்தது. உடைந்த துண்டைக் கொஞ்ச நேரம் மூக்கால் தள்ளி விளையாடிவிட்டுப் போய்விட்டன. ஒன்று மட்டும் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அந்த ஓர்காவை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

என் குழப்பம் இதுதான். வேண்டுதலுக்காகப் போயினவா, விளையாட்டு முடிந்ததால் போயினவா? வேண்டுதல்தான் என்றால் நான் வந்தே ஆகவேண்டும். புதுச் சுக்கான் போட்டு அடுத்த மாதம் படகு மறுபடி கிளம்புகிறது, முதலாளி கூப்பிடுகிறார். நீ மலைக்குப் போய்க் குருக்களைக் கேட்டு எழுது. அவர் சொல்கிறபடி செய்கிறேன்.

எழிலன்

திருத்தணி,
6.7.2024

பாவா,

படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. முருகனே உங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டான் என்று கழனிக்கு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. அந்த ஓர்காவைப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பார்க்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

மலைக்குப் போனேன். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான், நிறைவேற்ற முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் முடி காணிக்கை கொடுத்து முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றார் குருக்கள். நேரே சரவணப் பொய்கைக்கு இறங்கி வந்து மொட்டை போட்டுக்கொண்டேன்.

"அவன் வேண்டிக்கினதுக்கு நீ ஏம்மா?" என்று மாமா அழுதார். எனக்கே தெரியவில்லை. உங்கள் மேலுள்ள ஆத்திரத்தில் செய்தேனா, ஆசையில் செய்தேனா என்று தலையைத் தடவித் தடவி யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

உங்கள் வேண்டுதல் தீர்ந்தது. படகில் தாராளமாக ஏறலாம். முருகனுக்காகவும் குருக்களுக்காகவும் இனி நீங்கள் வரவேண்டியதில்லை. என்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். தோன்றாவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள்.

சுஜாதா