ஓம் அண்ணை

நோர்பரி, லண்டன்
30 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புத் தம்பி றஜீவுக்கு,

நீயும் வீட்டாரும் நோய் நொடியில்லாமல் இருக்க மடுமாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அண்ணி டொலறஸும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் நோ. படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிடுகிறாள். மற்றபடி குறையில்லை.

உன் குரல் செய்தி கிடைத்தது. ஏழு நிமிடம் பேசியிருக்கிறாய், மடையா, அதில் அரைவாசி இருமல். ஒரு நல்ல டொக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு. ஜனவரியில் அங்கே ஜேர்மனியில் நம் தொண்டர் தீயணைப்புப் படைக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள், உன் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள், பழைய தலைவர் என்ற முறையில் நான் டொச்சில், ஜேர்மன் மொழியில், ஒரு கடிதம் தந்தால் கூட்டத்தில் வாசிப்பார்கள் என்கிறாய். எழுதிவிட்டேன். இதே உறைக்குள் இருக்கிறது. ஆனால் அதைப் பிரிக்கும் முன் இதைக் கடைசிவரை வாசி. டெலிபோனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ "சரி அண்ணை, விடுங்கோ அண்ணை" என்று இரண்டு வார்த்தை சொன்னால் நான் விட்டுவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இது பிரியந்தனைப் பற்றிய கடிதம். நீ இப்போதே ஊகித்திருப்பாய்.

இந்த ஊரைப் பற்றி முதலில் சொல்கிறேன், மூச்சு விட எனக்கும் கொஞ்ச இடம் வேண்டும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கேயார்ரேக்கர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். காலை ஆறு மணிக்குக் கேற்றைத் திறக்க வேண்டும். புதன்கிழமைகளில் நெருப்பு அலாரத்தை அடித்துப் பார்ப்பதும் என் வேலை. எழுநூறு பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வந்தால், கடைசிப் பிள்ளை வரும்வரை நான் எண்ணிக்கொண்டே நிற்பேன். லண்டனில் தொண்டர் படை கிடையாது, எல்லோரும் சம்பளக்காரர். நாங்கள் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் நெருப்புக்குள் போனோம் என்றால் இங்குள்ள சனம் நம்பாது. மாதா கோயிலில் ஒருவர், "சும்மாவா போனனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டார். ஓம், விசர்தான் என்றேன்.

ஆனாலும் என்ன பெருமை நமக்கு! நாற்பத்தாறு பேர் இருந்த படையில் தமிழர் மூன்றே மூன்று பேர், நீ, நான், பிரியந்தன். அவர்கள் வாக்குச் சீட்டுப் போட்டு என்னைத் தலைவன் ஆக்கியபோது, மன்னார்க்காரன் ஜேர்மன்காரனுக்கே தலைவனாய் வந்திட்டான் என்று பக்கத்து நகரத்துத் தமிழ்க்கடைக்காரர் ஒரு பெட்டி லட்டு அனுப்பினார். நான் மேயர் முன்னால் எட்டு மாதம் சண்டை பிடித்துப் புது முகமூடிகள் வாங்கித் தந்தது நினைவிருக்கிறதா? தலைவன் என்பதைவிட, படையிலுள்ள பெடியளுக்காக நகரசபையில் வாய் திறக்கிறவன் என்பதில்தான் எனக்குத் தலைக்கனம். திறக்க வேண்டிய ஒரே நாளில் அந்த வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் நவம்பர் மாதம் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம். சாமியார் பூசையில் அந்தப் பட்டியலை வாசிப்பார். மூன்று வருடமாக வாசலில் மேசை போட்டு அந்தப் பெயர்களை எழுதுகிறவன் நான்தான். இந்த முறை அஜித்தா வந்தாள். பிரியந்தனின் மனைவி அஜித்தாதான். இரண்டு வருடமாக இங்கே வடக்கு லண்டனில், எட்மண்டனில், தமக்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம், அன்றைக்குத் தமக்கையோடு எங்கள் பூசைக்கு வந்திருந்தாள். தகப்பன் பெயரைச் சொன்னாள், தாய் பெயரைச் சொன்னாள், மாமனார் பெயரைச் சொன்னாள். எழுதினேன். பிறகு பையை மூடிக்கொண்டு திரும்பினாள்.

பிரியந்தனை விட்டுவிட்டாயே பிள்ளை என்று கேட்டேன். அவள் முகம் கல்லாகிவிட்டது. "அவருக்கு எதுக்கண்ணை பூசை? நீங்கள் வெளியாலை வரச் சொல்லியும் கேளாமல் திரும்பிப் போனவர்தானே? எங்களை யோசிச்சவரோ?" என்றாள். மகள் மயூராவுக்கு இப்போது பதின்மூன்று வயது. அப்பாவுக்கு எங்களைவிட நெருப்பிலைதான் விருப்பம் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாளாம். பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீங்கள் கூப்பிட்டனீங்கள்தானே அண்ணை?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன், றஜீவ். மறுபடியும் தலையாட்டினேன். வரிசையில் நின்ற அடுத்த ஆளின் பெயரையும் எழுதினேன்.

முதல் தடவை தலையாட்டியது எங்கே என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை முழுக்க எழுதுகிறேன். ஏழு வருடமாக நாம் இருவரும் இதை ஒருவருக்கொருவர்கூடச் சொன்னதில்லை.

மேசை கதிரை செய்யும் அந்தத் தளபாடத் தொழிற்சாலையில் பின்னேரம் மூன்று மணிக்கு நெருப்புப் பிடித்தது. மேல்மாடியில் ஒரு வேலையாள் இருக்கிறான் என்று முதலாளி கத்தினார். நீயும் பிரியந்தனும் சோடியாக உள்ளே போனீர்கள். நான் வெளியே வாகனத்தடியில் வோக்கிடோக்கியோடு நின்றேன். சோடி பிரியக்கூடாது, ஒருவனுக்குக் காற்று குறைந்தால் இருவரும் திரும்ப வேண்டும், வோக்கியில் டொச் மட்டும்தான் பேசவேண்டும். மூன்று சட்டத்தையும் உங்களுக்கு மண்டையில் குட்டிக் குட்டிப் படிப்பித்தவன் நான். உன் காற்றுச் சிலிண்டரில் முள் இறங்கிவிட்டது என்று நீ சொன்னாய். கடைசி அறை ஒன்று மட்டும் பார்க்கவில்லை என்றாய். முதலாளி என் தோளைப் பிடித்து உலுப்பிக்கொண்டு நின்றார். எனக்கு டொச் எல்லாம் பறந்துவிட்டது. தமிழில் சொன்னேன்: "றஜீவ், நீ வா. பிரியந்தன், நீ அந்த ஒரு அறையை ஒருக்காப் பாத்திட்டு ஓடி வா."

ஒரு ஜேர்மன்காரனிடம் சொல்லியிருந்தால், தனியே போகமாட்டேன், சட்டம் இல்லை என்று திரும்பியிருப்பான். அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. பிரியந்தனுக்கும் இருந்தது. ஆனால் தமிழில் கேட்டது அவனுடைய தலைவன் இல்லையே, அவனுடைய அண்ணை. "ஓம் அண்ணை" என்றான். அவ்வளவுதான். நீ படியிறங்கி வந்தாய், நாலு நிமிடத்தில் கூரை விழுந்தது. அந்த வேலையாள் பக்கத்துத் தெருவில் சிகரெட் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். பாவி, அவனில் என்ன பிழை?

வாகனத்தடியில் நின்றவர்கள் நாம் ஏதோ பேசியதைக் கேட்டார்கள், பொருள் அவர்களுக்குத் தெரியாது. விசாரணையில் உன்னைக் கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, தலைவர் இருவரையும் வெளியே வரச் சொன்னார், பிரியந்தன்தான் கேளாமல் திரும்பிப் போனான் என்று சொன்னாய். அப்படித்தானா என்று என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். அன்று வாகனத் தரிப்பிடத்தில் நீ அழுதுகொண்டு சொன்னதும் மறக்கவில்லை. "உங்களுக்காக மட்டுமில்லை அண்ணை. தமிழர் வோக்கியிலை தமிழ் கதைச்சு ஆளைக் கொன்றுபோட்டாங்கள் எண்டு வந்தால் எங்கடை சனத்துக்கு இனி ஆர் மதிப்புத் தருவாங்கள்?" என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சனத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அந்தச் சனத்தில் பிரியந்தனும் ஒருவன் என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஒரு வருடத்தில் பதவியை விட்டுவிட்டு இங்கே ஓடி வந்தேன். நீ அங்கேயே நின்றாய். உன்னைக் கோழை என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உன் செய்தியின் நடுவில், புதிதாய்ச் சேர்ந்த ஆறு பேருக்கு வகுப்பு எடுத்தேன் என்கிறாய். கட்டளையை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு வழக்கம்போல் பிரியந்தனின் கதையைச் சொன்னேன் என்கிறாய். சொல்லிவிட்டு இருமுகிறாய். அந்த இடத்தை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் தெரியுமா? டொலறஸ் வந்து போனைப் பறித்துவிட்டாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் அன்றிரவு தலையணையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, எட்மண்டனுக்கு எப்ப போறீங்கள் என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுப் போனேன். மயூரா நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். அஜித்தா குசினியில் நின்றாள், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இருக்கச் சொன்னாள். நான் நின்றபடியே சொன்னேன். இருந்து சொல்லக்கூடிய கதையா அது? கூப்பிட்டது பொய், தனியே அனுப்பினது நான், அறையில் ஆளுமில்லை, எல்லாம் சொன்னேன்.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கடைசியாய் என்ன சொன்னவர் என்று கேட்டாள். "ஓம் அண்ணை எண்டவன்" என்றேன். அடுப்பை அணைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். "ஏழு வருசம் அந்த மனிசனைத் திட்டிப்போட்டனே. பிள்ளையையும் திட்டப் பழக்கிப்போட்டனே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னை அவள் கணக்கில் எடுக்கவேயில்லை, றஜீவ். நான் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு போகச் சொன்னாள். நான் வாசலில் சப்பாத்துப் போடும்போது பின்னால் வந்து நின்று, "றஜீவுக்கும் தெரியுமோ?" என்று கேட்டாள்.

இந்த முறை நான் தலையாட்டவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை அவரிட்டையே கேள் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். அது கோழைத்தனமோ என்று பஸ் முழுக்க யோசித்தேன். உனக்காக நான் பேசிய காலம் ஒன்று இருந்தது. இதை மட்டும் நான் பேசக்கூடாது.

உறைக்குள் இருக்கும் டொச்சுக் கடிதத்தில் உன்னை ஆதரித்து ஒரு வரியும் இல்லை. உன் பெயரே இல்லை. என்ன கட்டளை கொடுத்தேன், எந்த மொழியில் கொடுத்தேன், விசாரணையில் எதற்குத் தலையாட்டினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை வாசித்தால் உன் பங்கு எந்தக் கட்டைமண்டைக்கும் விளங்கும், அதை நான் மறைக்கவில்லை. ஒரு பிரதியை நாளைக்கே பதிவுத் தபாலில் நகரசபைக்கு அனுப்புகிறேன். மறிக்க நினைக்காதே, அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு எதிராக வழக்கு வந்தால் வரட்டும், டிக்கெற் எடுத்து வந்து நிற்பேன். தமிழருக்குப் பெயர் கெட்டால் அது என் பெயரோடு கெடட்டும்.

நீ தலைவனாக வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ நல்லவன், என்னைவிடக் கெட்டிக்காரன், பெடியள் உன்னை நம்புகிறார்கள். கூட்டத்தில் நீயே எழும்பி நின்று இந்தக் கடிதத்தை வாசித்து, உன் பங்கையும் சொன்ன பிறகும் அவர்கள் சீட்டில் உன் பெயரை எழுதினால், இருந்து நடத்து. எழுதாவிட்டால் வீட்டுக்குப் போய் நெஞ்சுக்கு மருந்து எடு. எதுவானாலும் அந்த ஆறு புதியவர்களையும் கூப்பிட்டு அந்தக் கதையைத் திருத்திச் சொல்லிவிடு. ஒரு செத்தவனை வைத்துப் பொய்ப் பாடம் நடத்தியது போதும்.

அஜித்தாவின் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நாலு மணிக்குப் பிறகு எடுப்பாள்.

இன்னும் ஒன்று. இன்று காலை பூசை முடிய அஜித்தா தன் தமக்கையிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து அனுப்பியிருந்தாள். மயூராவின் கையெழுத்து. தமிழ் அவளுக்கு அவ்வளவாக வராது, எழுத்தெல்லாம் சரிந்து கிடந்தது. 'பிரியந்தன், என் அப்பா' என்று இருந்தது. நவம்பர் இன்றோடு முடிகிறது, பட்டியல் வாசித்தாகிவிட்டது. சாமியாரிடம் கெஞ்சி, பின்னேரப் பூசையில் அந்த ஒரு பெயரை மட்டும் தனியே வாசிக்க வைத்தேன். கடைசி வாங்குப் பலகையடியில் நின்று கேட்டேன்.

தம்பி, இது கட்டளை இல்லை. உனக்குக் கட்டளையிடும் தகுதி எனக்குப் போய்விட்டது. நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்துக்கு "ஓம் அண்ணை" என்று மட்டும் பதில் எழுதிவிடாதே. என்னோடு சண்டை பிடி, திட்டு, முடியாது என்று சொல். உன் வாயால் எதையாவது சொல்.

ஆண்டவர் உன் நெஞ்சுக்குச் சுகம் தரட்டும்.

உன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
எட்வேட்