அங்கம்மாள் வீட்டுச் சலதாரை

ஆவணி 6, திங்கள்

காலையிலிருந்து காற்று. தெருவெல்லாம் தூசி. மலை மேல் ஒரே ஒரு மேகம், காயப்போட்ட வேட்டி மாதிரி. மழைக்கு வழியில்லை.

பேனா நிப் மாற்ற வேண்டும். கண்ணாடியின் இடது காது கழன்றுவிட்டது. நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

நகரசபைக் கூட்டம் நாலு மணிக்கு. ஆரம்பித்தது ஐந்தேகால். ஒரே விஷயம், சாக்கடை வரி. மூடிய கால்வாய் கட்டப் பணம் இல்லை. யோசனை: குடியிருப்பு வீடுகளுக்கு இப்போதைய வரி ஒன்றரைப் பங்காகும். தொழில் நடக்கும் வீடுகளுக்கு மூன்று பங்கு. ஆட்சேபணை உள்ளவர்கள் அடுத்த வாரம் செவ்வாயன்று நேரில் வந்து சொல்லலாம்.

மேல வார்டு மெம்பர் எழுந்து கேட்டார்: "எங்க ஊருல முன்னால தறி, பின்னால அடுப்புங்க. அது ஊடா, தொழிலா?"

சேர்மன் கொஞ்சம் யோசித்தார். தறிக்குத் தண்ணீர்ச் செலவு இல்லை, ஆகையால் வீடு. சாயம் போடுகிற வீடு மட்டும் தொழில். எப்படிக் கண்டுபிடிப்பது?

சானிட்டரி இன்ஸ்பெக்டர் பொன்னையா எழுந்தார். ஆத்தூர்ப் பக்கத்து மனிதர். ஆறடிக்கு மேல் உயரம், நேர்மையானவர், சிரிக்கத் தெரியாதவர். "ஒவ்வொரு வீட்டுச் சலதாரையும் தெருச் சாக்கடைல விழுற இடத்துல காலைல நானே நின்னு பாத்தேங்க. கலர் தண்ணி வந்தா தொழில். வெள்ளைத் தண்ணி வந்தா வீடு."

மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். நானும் 'தெளிவான முறை' என்று குறித்துக்கொண்டேன். பட்டியலை வாங்கி வரிக்கு வரி நகல் எடுத்தேன். பாவடித் தெருவில் ஒரே ஒரு பெயர்: அங்கம்மாள், சாயப்பட்டறை.

செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. வீட்டுக்கு வர ஏழரை. ராகிக் களி, கீரை.

ஆவணி 8, புதன்

பத்திரிகை வந்தது. அச்சுப்பிழை இரண்டு. பட்டியலில் பிழை இல்லை என்று நினைத்தேன்.

மரகதம் படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு மறுபடி பிரித்தாள். அவள் இரண்டாம் தடவை பிரித்தால் என்னமோ இருக்கிறது என்று இந்த முப்பது வருஷத்தில் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

"ஏனுங்க, அங்கம்மா எப்பீங்க சாயப்பட்டறை வெச்சா?"

"நகரசபைப் பட்டியலில் இருக்கிறது."

"அவ கூலிக்குத் தறிக்கு நூல்தார் சுத்தறவ. ஒத்தைப் பொம்பளை. ஊட்டுல ஒரு ராட்டை, ஒரு கிணறு. வேற என்ன இருக்குதுங்க?"

பட்டியலை அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து மாறவில்லை என்றேன்.

"நீங்க சரியாத்தான் எழுதினீங்க. தெருவுக்குப் போயிப் பாத்தீங்களா?"

போகவில்லை. சலதாரை பார்ப்பது இன்ஸ்பெக்டர் வேலை என்றிருந்துவிட்டேன். வெற்றிலை தேடினேன். அதையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணி 9, வியாழன்

ஐந்தரைக்கே பாவடித் தெரு. செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பார்த்தது, வரிசையாக:

தெருவில் சாயம் போடும் வீடுகள் பதினொன்று. சாயக் கொப்பரைத் தண்ணீரைப் புழக்கடைக் குழியில் ஊற்றுகிறார்கள். தெருப் பக்கம் அவர்கள் சலதாரையில் வருவது பல் விளக்கின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர்.

ஆனால் அவர்கள் கிணறுகளெல்லாம் உப்பு. உப்புத் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் நூலில் சாயம் திட்டுத் திட்டாக நிற்குமாம். நல்ல தண்ணீர் தெருவிலேயே ஒரு கிணற்றில்தான். அங்கம்மாள் வீட்டுக் கிணறு.

விடிந்ததும் பதினொரு வீட்டுப் பெண்களும் ஈர நூல் சிட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே வருகிறார்கள். இறைக்கிறார்கள், அலசுகிறார்கள், பிழிகிறார்கள். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி நீலம், ஒருத்தி மஞ்சள். எல்லாம் சேர்ந்து அங்கம்மாள் வீட்டுச் சலதாரை வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. அங்கம்மாள் ஒருவரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

ஆக, சாயம் போடுகிற பதினொரு வீடும் குடியிருப்பு. போடாத ஒரு வீடு பட்டறை. பொன்னையா பார்த்ததில் பொய் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம். குரல் மட்டும் தெருக்கோடி வரை. என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி. பேப்பர்ல எம்பேரு போட்டீங்களாமா, எல்லாரும் வந்து சொன்னாங்க" என்று சிரித்தாள்.

அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் திருச்செங்கோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் என் பத்திரிகை.

"பட்டறை வரி நான் கட்ட முடியாது. புரட்டாசி பொறக்கறதுக்குள்ள ஊட்டக் காலி பண்ணீரு, அங்கம்மா. பட்டறைதான்னு ஆயிப்போச்சுன்னா, நெசமான பட்டறைக்காரனுக்கே வாடகைக்கு உட்டறேன். இந்தக் கிணத்துக்கு எவனும் போட்டி போட்டுக்கிட்டு வருவான்."

"இருவத்தாறு வருசமா இருக்கறனுங்க."

"நானா எழுதினேன்? அதுல போட்டிருக்குது பாரு."

அதில் போட்டவன் நான், பக்கத்தில் நிற்கிறேன், கையில் செருப்போடு.

ஆவணி 12, ஞாயிறு

வெயில். மரகதத்துக்கு முழங்கால் வலி. நொச்சி இலை ஒத்தடம் நான்தான் கொடுத்தேன். சூடு போதவில்லையாம், பிறகு அதிகமாம்.

நேற்று முழுவதும் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். 'அங்கம்மாள் வீட்டில் சாயம் போடப்படுவதில்லை.' அடுத்த வரி? தண்ணீர் வேறு யாருடையது என்று கேட்பார்கள். பதினொரு பெயரும் எனக்குத் தெரியும். எழுதினால் பதினொரு வீட்டுக்கும் மூன்று பங்கு. எழுதாவிட்டால் திருத்தம் நிற்காது.

மூன்று காகிதம் கிழித்தேன்.

மாலையில் சாயம் போடுகிறவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பெரியசாமி தலைமை. தெருவிலேயே பெரிய கொப்பரை அவனுடையது. மனு எழுதித் தரச் சொன்னார்கள்: அங்கம்மாள் ஏழை, துணையில்லாதவள், கருணை கூர்ந்து வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டியது.

"சாயம் யார் போடுகிறார்கள் என்று அதில் எழுதலாமா?"

பெரியசாமி கூரையைப் பார்த்தான். "அதெதுக்குங்க சாமி அதுல? தீவாளிக்கு நூலு குடுக்கோணும். மூணு பங்குன்னா நாங்க எங்கீங்க போறது?"

உள்ளேயிருந்து மரகதம்: "அங்கம்மா எங்க போவான்னு கேட்டீங்களா, பெரியசாமி?"

ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள். பொல்லாதவர்கள் இல்லை. அங்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த நாலு பேர்தான் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள். மனு எழுதிக் கொடுத்தேன்.

ஆவணி 14, செவ்வாய்

நகரசபையில் ஆட்சேபணை கேட்கும் நாள். கூட்டம் வராந்தா வரை. லேசான தூறல், குடை ஒன்றுக்கு மூன்று பேர்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், ஓட்டல்காரர் இருவர். பிறகு பாவடித் தெரு மனு. சேர்மன் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"இரக்கப்பட்டு வரியை மாற்ற முடியாது. காரணம் வேண்டும். அங்கம்மாள் யார்?"

முன்னால் வந்தாள். மேஜை உயரத்துக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது.

"உங்கள் வீட்டுச் சலதாரையில் சாயத் தண்ணீர் வருகிறதா?"

"வருதுங்க."

"நீங்கள் சாயம் போடுகிறீர்களா?"

"இல்லீங்க."

"அப்படியென்றால் யார் போடுவது? பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரை எடுத்துவிடுகிறேன்."

ஒரு வார்த்தை போதும். பதினொரு வீட்டு ஆண்களும் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஜன்னல் ஓரமாக, கணக்குத் தீர்ந்த முகத்தோடு.

அங்கம்மாள் சொன்னாள்: "எங்க ஊட்டுல கிணறு இருக்குதுங்க. தண்ணிக்கு வாரவங்க வாராங்க. பேரு கேட்டு நான் யாருக்கும் எறைக்கக் கவுறு குடுத்ததில்லீங்க."

சேர்மன் பேனாவை எடுத்தார்.

வராந்தாவிலிருந்து பெரியசாமியின் மனைவி பாப்பாத்தி உள்ளே நுழைந்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். விரலிலிருந்து முழங்கை வரை நீலம். எண்ணெய், சீயக்காய், எதற்கும் போகாத நீலம்.

"ஏ புள்ள, கையக் கீழ போடு!" என்றான் பெரியசாமி.

"நீ மொதல்ல தலையத் தூக்கு. அக்கா கிணத்துல அலசித்தான் நம்ம நூலு வெலை போவுது. அவளத் தெருவுல உட்டுப்போட்டு எங்க போயி அலசுவ? உங்கப்பன் கிணத்துலயா?"

சிரிப்பு. அது அடங்குவதற்குள் இன்னொருத்தி கை, சிவப்பு. பிறகு மஞ்சள். பிறகு எண்ண வேண்டியிருந்தது. எண்ணினேன். பதினொரு ஜோடி.

பொன்னையா அங்கம்மாளிடம் போய், "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராட்டை காய்த்த தழும்பு, வேறொன்றும் இல்லை. "தண்ணியப் பாத்தேன், கையப் பாக்கலைங்க. தப்பு என்னுதுதான்" என்று சபை நடுவே சொன்னார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு அதிகாரி இப்படிச் சொல்லி நான் குறித்துக்கொண்டதில்லை.

முடிவு: பதினொரு வீடும் தொழில் பட்டியலில். அங்கம்மாள் வீடு குடியிருப்பு. ஆனால் ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை முதல் அவள் சலதாரையில் நிறம் தெரியக் கூடாது, தெரிந்தால் மறுபடியும் பட்டறை. அலசல் தண்ணீருக்கு அவள் புழக்கடையில் குழி வேண்டும். குழி கிணற்றிலிருந்து இருபது தப்படிக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும்.

வரி உயர்வு எல்லோருக்கும் அப்படியே நிறைவேறியது. எங்கள் வீட்டுக்கும் ஒன்றரைப் பங்கு. மரகதத்திடம் சொன்னேன். "அது கெடக்குதுங்க. பாப்பாத்தி என்ன சொன்னா, மறுபடி சொல்லுங்க" என்றாள். மூன்று தடவை சொன்னேன். 'உங்கப்பன் கிணத்துலயா' வரும்போதெல்லாம் முழங்கால் வலியை மறந்து சிரித்தாள்.

ஆவணி 17, வெள்ளி

தெளிந்த வானம். புதுச் செருப்பு கடிக்கிறது.

பத்திரிகைக்குத் திருத்தம் தயார். முதல் வரி: சென்ற இதழில் நேரில் பாராமல் எழுதியது தவறு.

ஏழு மணிக்கு அங்கம்மாள் வீட்டுப் புழக்கடை. மண்வெட்டியோடு ஆண்கள் காத்திருந்தார்கள். பெரியசாமி மூன்று நாளாக மனைவியோடு பேசவில்லையாம். ஆனால் முதல் ஆளாக வந்து நின்றவன் அவன்தான். வீட்டுச் சொந்தக்காரரும் வந்திருந்தார். குழி சரியாக அமையாவிட்டால் காலி, அமைந்தால் இருந்துகொள்ளட்டும் என்றார்.

பொன்னையா கிணற்றடியிலிருந்து அளந்தார். நெட்டைக்கால். பதினாறாவது தப்படியில் சுவரில் முட்டினார். அவர் முகம் வாடிவிட்டது.

"இடமில்லைங்களேம்மா."

அங்கம்மாள் சேலையைச் செருகினாள். "இன்ஸ்பெட்டரு ஐயா, இருவது தப்படின்னுதானுங்க சொன்னாங்க? யாரு காலுன்னு சொன்னாங்களா?"

பொன்னையா உத்தரவுத் தாளைப் பிரித்துப் படித்தார். மடித்தார். "சொல்லலை."

"ஊட்டுக்காரி நானுங்க. நான் அளக்கறேன்."

கிணற்றடியிலிருந்து புறப்பட்டாள். குள்ளக்கால், ஆனால் சிட்டுக்குருவி மாதிரி அல்ல, கௌரவமாக, ஒன்று இரண்டு என்று தெருவுக்கே கேட்க எண்ணிக்கொண்டு. பத்தைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, அவள் கால் கணக்கிலும் ஒரு தப்படி போதாது.

பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து என்றாள்.

சுவரோரம், குழிக்கு இடம் விட்டு நின்றாள். இருபது.

பொன்னையா அவளைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாத்தையும் எண்ணுறவரு. எத்தனைங்க ஐயா?"

இருபது என்றேன்.

எழுதிக்கொண்டார். பெரியசாமி முதல் வெட்டுப் போட்டான்.