குண்டும் சன்னமும்

என் அன்பு மச்சான் சிவநேசா,

நீ போய் ஒரு வருடமும் ஒன்பது நாளும் ஆகிறது. இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் பழி சொன்னது நாலு பேர் முன்னால். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நாலு பேர் முன்னாலேயே நடக்கட்டும்.

நீ எனக்கென்று விட்டுப்போன காற்றுத் துப்பாக்கி பிக்கரிங்கில் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இரட்டைப் பூட்டு. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. பால் பையில் போட்ட தேதியை இரண்டு தடவை பார்ப்பவன் நான். "முருகேசா, நீ உன்ர நிழலிட்டையும் அடையாள அட்டை கேப்பாய்" என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

மாசி மாதம் ஆட்டுப் பண்ணைக்காரர் கூப்பிட்டார். கயோட்டி ஒன்று குட்டிகளைத் தூக்குகிறது, இரண்டு போய்விட்டது என்றார். ஓநாயா நரியா என்று நாம் வழியெல்லாம் சண்டை போடுவோமே, அதே விலங்குதான். நீயில்லாமல் நான் தனியாகப் போன முதல் வேட்டை.

உன்னோடு வந்த நாட்களில் நீ உன் சட்டைப்பையிலிருந்து ஒரே ஒரு ஈயத் துண்டை எடுத்து நீயே துப்பாக்கியில் போட்டுத் தருவாய், நான் சுடுவேன். டப்பாவை என் கையில் தந்ததே இல்லை. ஏன் மச்சான்? என்னை நம்பவில்லையா? அப்போதே எனக்கு அது உறுத்தியது.

பாடம் மட்டும் நிறையச் சொன்னாய், துப்பாக்கியை உங்கள் ஊர் வழக்கில் துவக்கு என்று. "துவக்கின்ர வாய் பெரிசெண்டு மிருகம் விழாது மச்சான். வெடிமருந்து இல்லை, வெறும் காத்து. காத்து கொஞ்சந்தான் தள்ளும், மிச்சத்தை ஈயத்தின்ர பாரம் செய்யோணும். இலேசானது பறக்கும், ஆனா உள்ளுக்குப் போகாது. மிருகம் நொந்து சாகக்கூடாது." பாரமானதற்குத்தான் குறிகாட்டிக் கண்ணாடியைச் சரி செய்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பாரமானதைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி வாரம், உன் தம்பி ரமணன் கையில் இரண்டு டப்பாக்கள் கொடுத்தனுப்பினாய். கடைக்காரன் ஒட்டிய ஆங்கிலத் தாளைச் சுரண்டிவிட்டு, உன் நடுங்கிய கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தாய். ஒன்றில் 'குண்டு'. மற்றதில் 'சன்னம்'.

நான் திருநெல்வேலிக்காரன். எங்களுக்குக் குண்டு என்றால் துப்பாக்கிக் குண்டு. ஆளைச் சொன்னாலும் பருத்தவன். சன்னம் என்றால் மெல்லியது, சன்னமான நூல், சன்னமான குரல். பண்ணையில் வைத்துத் திறந்து பார்த்தேன். ஒன்றில் கொழுகொழுவென்று உருண்டைகள், மற்றதில் ஒடிசலாக நீண்ட துண்டுகள். சரியாகத்தான் பெயர் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றி இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தால் எது பாரம் என்று தெரிந்திருக்கும். கழற்றவில்லை. குளிர்.

'குண்டு' டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். அறுபது கஜத்தில் அது பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன். பட்டது இடுப்பில். அது கத்திய சத்தத்தை உனக்கு எழுதமாட்டேன். பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. இருட்டும் வரை பனியில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். மூன்றாம் நாள்தான் செத்துக் கிடந்ததைப் பண்ணைக்காரர் கண்டார். வெட்கமாக இருந்தது மச்சான், இப்போதும் இருக்கிறது.

நான் போட்டது இலேசானதாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் என் மூளை தன் வேலையைத் தொடங்கியது. டப்பாக்கள் யார் கைவழி வந்தன? ரமணன். துப்பாக்கி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தவன் யார்? ரமணன். கொண்டுவந்து தந்த அன்று என் முகத்தைப் பார்க்காமல் காலணியைப் பார்த்தவன் யார்? அவனேதான். உள்ளே இருந்ததை மாற்றிப் போட்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணன் சாகக் கிடக்கும்போது ஒருவன் யார் முகத்தைத்தான் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்காபரோவில் உன் ஆண்டுத் திவசம். சாப்பாட்டுப் பந்தி நடுவே இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தேன். "ரமணன், இத மாத்துனது யாரு?" என்றேன். பாயசம் பரிமாறியவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

அவன் கோபப்படவில்லை. உருண்டை ஒன்றை எடுத்தான். "முருகேசண்ணை, உது குண்டு. உருண்டை. இலேசு. பேப்பரிலை சுட்டுப் பழகத்தான்." பிறகு நீளமானதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கை தாழ்ந்தது. "இது சன்னம். எங்கடை ஊரிலை துவக்காலை சுடுறது சன்னம்தான். எங்கடை அப்பாவுக்குப் பட்டதும் சன்னம். நீங்கள் மெல்லிசு எண்டு நினைச்சனீங்களோ?"

"பிறகு ஏன் இங்கிலீஷ் பேப்பர சுரண்டினாரு?" என்று மட்டும் முனகினேன்.

"அண்ணைதான் சுரண்டினவர். இங்கிலீசிலை கிடந்தா நீங்கள் நம்பமாட்டியளாம், நெட்டிலை தேடுவியளாம். தன்ர கையாலை தமிழிலை எழுதினால் ஒண்டும் கேளாமல் நம்புவியள் எண்டு சொன்னவர்."

நம்பினேன், சிவநேசா. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கேள்வி கேட்காமல் நம்பினேன். அதையும் பார்த்தாயா, எங்கே போய் முடிந்தது என்று?

ரமணனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். வாசல்வரை வந்தவன் கேட்டான்: "எங்கடை அண்ணையையும் சந்தேகப்பட்டனீங்களோ?" நான் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டேன்.

பதில் இதோ. ஓம். ரமணன் மாற்றவில்லை என்றால், சாகும்போதும் என்னை நம்பாமல் நீயே வேண்டுமென்றே உதவாததைத் தந்துவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். நீயோ படுக்கையில் கிடந்து நகத்தால் தாளைச் சுரண்டியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை ரமணன் வீட்டுக்குப் போய் இதை என் வாயாலேயே அவனிடம் சொல்வேன். அவன் என்னைத் திட்டினாலும் கதவைச் சாத்தினாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அதுவரை உன் துப்பாக்கியைத் தொடமாட்டேன்.

உன்னையும் சந்தேகப்பட்ட மச்சான்,
முருகேசன்