கதவிலிருந்து கிழித்த அறிவிப்பு

3 மே 1992, ஞாயிறு. ரானுயி, நியூசிலாந்து.

மருமகன் ஒட்டிய அறிவிப்பை இன்று கிழித்துவிட்டேன். பெரிய சந்தோஷம்.

இரண்டு மூன்று நாளாக ரீவியில் லொஸ் ஏஞ்சல்ஸ் எரிகிறது. ஒரு கறுப்பு மனிதரை அடித்த பொலிஸ்காரரைக் கோர்ட்டு விட்டுவிட்டதாம். கடைகளும் எரிகின்றன. அதைப் பார்த்துப் பயந்த மருமகன் பாலும் பாணும் சில்லறைச் சாமானும் விற்கும் தன் டெய்ரிக் கடைக் கதவில் இங்கிலீசில் ஏதோ எழுதி ஒட்டினார். இந்த ஊருக்கு வந்துதான் நான் வாசிக்கப் பழகினேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இங்கே குடியிருக்கும் சமோவாத் தீவுப் பெடியன்கள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வரலாம் என்றிருந்தது.

"என்ன தம்பி இது?"

"மாமா, எண்பத்து மூண்டு கலவரத்தில கொழும்பில உங்கட தேத்தண்ணிக் கடையை எரிச்சவங்கள். நீங்களே இப்பிடிக் கேக்கிறியள்?"

"ஓம், எரிச்சவங்கள். அதுக்கு முதல் தமிழர் எங்கள் எல்லாரையும் புலி எண்டவங்கள். இந்தப் பெடியள் பாணும் பாலும் வாங்கினதைத் தவிர உமக்கு என்ன செய்தவங்கள்?"

"அமெரிக்க ஜனாதிபதியே பட்டாளம் அனுப்பிறார், மாமா."

"எங்கட ஜனாதிபதியும் அப்ப ரீவியில வந்தவர். எரிபட்ட எங்களுக்கு ஒரு ஆறுதல் சொன்னவரோ? அவையள் பயத்தை விக்கட்டும். நீர் பாலை வித்தால் காணும்."

சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே கிழித்தேன். நாளைக்கு வேறொன்று ஒட்டுவாராம், இரவு மகள் மெல்லச் சொன்னாள். கடை அவருடையது. நான் படுக்கும் வீடும் அவருடையது.

ஒட்டட்டும். நாளைக்கும் கிழிப்பேன்.